ஓட்டை வழியே ஒரு டிசைன் பாடம்

ஒரு ஷூ டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மூடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே நாலைந்து ரப்பர் பேண்டு, பக்கத்தில் களிமண்ணில் நட்டுவைத்த ஒரு பென்சில். நுனியை வளைத்த சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஓட்டை வழியாக விட்டு, ரப்பர் பேண்டை எடுத்து பென்சிலில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எட்டிப் பார்க்கக் கூடாது. டப்பாவுக்குள் ஒரு சின்ன பல்பு, ஒரு வெப்கேமரா. திரையைப் பார்த்துத்தான் எல்லாம்!

முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பாக இருக்கும். பிறகு எரிச்சல் வரும். கை வலப்பக்கம் போனால் கம்பியின் நுனி இடப்பக்கம் போகிறதே?

எட்டாம் வகுப்பில் படித்த நெம்புகோல்தான் மக்களே. ஓட்டைதான் ஆதாரப் புள்ளி. லேப்ராஸ்கோபி ஆபரேஷனில் அந்த ஓட்டை நோயாளியின் வயிற்றுச் சுவரில் இருக்கிறது. டாக்டர்களும் கிட்டத்தட்ட இப்படிப்பட்ட பெட்டியில்தான் பழகுகிறார்கள்.

இன்ஜினியரிங் மாணவர்களுக்கு டிசைன் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம். லேப்ராஸ்கோபி இடுக்கி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். குழாயின் விட்டம் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். நீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே. குழாய்க்குள் ஒரு கம்பி. கைப்பிடியை அழுத்தினால் அது நகர்ந்து நுனியில் உள்ள தாடையைத் திறந்து மூடும். குழாய்க்கு மேல் மின்சாரம் கடத்தாத உறை, ஏனென்றால் இதே கருவியால் ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க வேண்டியிருக்கும். அந்த உறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தால் போச்சு, டாக்டர் பார்க்காத இடத்தில் குடல் சுட்டுவிடும். கைப்பிடி பெரிதாக இருந்தால் சின்னக் கை உள்ள பெண் டாக்டர்களுக்கு விரல் வலி. மூட்டுகளில் சந்து இருந்தால் ரத்தம் புகுந்து காயும், கழுவினாலும் போகாது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று இடிக்கும். டிசைன் என்பதே அந்த இடிதானே!

காமர்ஸ் மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு :-) ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப்போடும் கருவி மலிவா, கழுவிக் கழுவி உபயோகிப்பது மலிவா? விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் பதில் தப்பாக வரும். எத்தனை ஆபரேஷனுக்குத் தாங்கும், கழுவ எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

வரலாறு சுருக்கமாக. ஜெர்மனியில் குர்ட் செம் 1980ல் குடல்வாலை இந்த முறையில் எடுத்தார். அவர் மகப்பேறு மருத்துவர். பல கருவிகளைத் தானே வடிவமைத்தவர். இந்தியாவில் 1990ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா பித்தப்பையை இப்படி எடுத்துக் காட்டினார்.

ஆனால் சிக்கல் இங்கேதான். வயிற்றுக்குள் இடம் வேண்டும் என்பதற்காக கார்பன் டை ஆக்சைடு ஊதி உப்ப வைக்கிறார்கள். அதற்கு ஒரு மெஷின், சிலிண்டர், முழு மயக்கம், மயக்க மருந்து டாக்டர். குக்கிராமத்து ஆஸ்பத்திரியில் இதெல்லாம் எங்கே? அதனால் அங்கே வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பார்கள். கூலி வேலைக்காரர் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பார்.

வேலூர் சி.எம்.சி.யில் பயின்ற சிறுநீரக அறுவை மருத்துவர் ஜே. ஞானராஜ், அசாம் கிராமப்புறத்தில் வேலை பார்த்தவர். காற்றே ஊதாமல், ஒரு கம்பி அமைப்பால் வயிற்றுச் சுவரை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் செய்யும் முறையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தாலே பல நேரம் போதும். இதில் ஆச்சரியமான விஷயம், அவர் கோயம்புத்தூர் காருண்யாவில் பேராசிரியராக இருந்தது எலக்ட்ரானிக்ஸ் அண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையில். சர்ஜன் ஒருவர் இன்ஜினியரிங் டிபார்ட்மென்டில்!

பிறகு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்து இன்ஜினியர்கள் இந்திய டாக்டர்களோடு உட்கார்ந்து, அதே யோசனையில் ரெய்ஸ் என்ற புதிய தூக்கி ஒன்றை வடிவமைத்தார்கள். முதலில் படம் வரைந்துவிட்டு டாக்டரிடம் காட்டவில்லை. உபயோகிக்கப் போகிறவர்களிடம் முதலிலேயே கேட்டார்கள்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். அம்பத்தூர் எஸ்டேட் 1964லிருந்து இருக்கிறது. லேத், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று சந்துக்குச் சந்து பட்டறை. ஆவடியில் டாங்கியே செய்கிறார்கள். பூந்தமல்லி தாண்டி தண்டலத்தில் சவீதாவின் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அருகருகே. இவ்வளவு பக்கத்தில் எல்லாம் இருந்தும், கடைசி வருஷ புராஜெக்டைக் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கும் பழக்கம் பசங்களிடம் போகவில்லை. வைவாவில் கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள்.

அந்தக் காசில் ஒரு பகுதி போதும். உறை கிழிந்து ஓரங்கட்டிய இடுக்கி ஒன்றை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி (நன்றாகக் கிருமி நீக்கியதாக!), பிரித்துப் போட்டு, எந்த மூட்டில் அழுக்கு தங்குகிறது என்று தியேட்டர் நர்ஸ் அக்காவிடம் கேட்கலாம். தினமும் கழுவுகிறவர் அவர்தான்.