சபையில் முதலில் அமர வேண்டியவர்

பொருள் தேடிக் கடல் கடந்து செல்லும் நம்மவர்கள், சென்ற இடத்தில் முதலில் நாடுவது தமிழ் பேசும் நான்கு பேரைத்தான். நான்கு பேர் கூடினால் ஒரு ஜமாஅத் பிறக்கிறது. மறு வாரமே ஒரு விவாதமும் பிறந்துவிடுகிறது! ஊரிலென்றால் மனம் ஒவ்வாதவர்கள் வெவ்வேறு தெருவில் இருந்து காலத்தைக் கழித்துவிடலாம். வெளிநாட்டு அறையிலோ ஒருவர் கட்டிலுக்கு மேலேதான் மற்றவர் கட்டில்.

1990களில் நான் துபையின் தேராப் பகுதியில் வாழ்ந்தபோது, வெள்ளிக்கிழமை மாலைதோறும் நம்மவர்கள் ஓர் அறையில் கூடுவதுண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் ஷாஃபி மத்ஹபினர். உள்நாட்டு ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். சுப்ஹுத் தொழுகையில் முன்னவர்கள் குனூத் ஓதுவர், பின்னவர்கள் ஓதுவதில்லை. இரண்டுக்கும் ஆதாரம் உண்டென்பதை அறியாதார் அங்கு எவருமிலர். ஆயினும் ஒரு மாலை, புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர், குனூத் ஓதாதவர்களின் தொழுகையைப் பற்றி ஏளனமாக ஒரு சொல் சொல்லிவிட்டார்.

உடனே ஐந்தாறு பேர் எழுந்தனர். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் இளைஞரின் ஊரை இழுத்தனர். அவருடைய தகப்பனாரின் தொழிலையும் இழுத்தனர். தலைமை வகித்த பெரியவர் இளைஞரைக் கண்டிக்கவில்லை. எழுந்து நின்றவர்களைத்தான் முதலில் அமரச் செய்தார். “தம்பி சொன்னது என் காதிலும் விழுந்தது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இப்போது சொன்னதற்கு யார் பொறுப்பு?” என்று கேட்டார். சபை அடங்கியது. மறுநாள் இளைஞரைத் தனியே அழைத்துப் பேசினார். என்ன பேசினாரென்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது, தெரியாமலிருப்பதே முறை.

பெரியவர் இம்முறையைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. மதீனாப் பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த கிராமவாசியின் நிகழ்ச்சியை நீங்கள் புகாரியில் படித்திருப்பீர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அங்கே முதலில் தடுத்தது, அவர்மீது பாய எழுந்த தோழர்களைத்தான். பிறகு ஒரு வாளித் தண்ணீரோடு காரியம் முடிந்தது. பிழை செய்தவரைப் பெயர் சுட்டாமல், “சிலர் இவ்வாறு செய்கிறார்களே” என்று பொதுப்படக் கூறுவதும் அவர்களின் வழக்கமாயிருந்தது. இமாம் ஷாஃபியி (ரஹ்) அவர்களோ, தம்மோடு வாதிட்டுப் பிரிந்த யூனுஸ் அஸ்ஸதஃபீயைப் பின்னர் சந்தித்தபோது கையைப் பற்றிக்கொண்டு, ஒரு விஷயத்தில் ஒத்துப்போகாவிடினும் நாம் சகோதரர்களாக இருக்கலாகாதா என்று கேட்டதாக வரலாறு கூறுகிறது.

இதை வெறும் நாகரிகப் பேச்சென்று எண்ணிவிடாதீர்கள். அயல்நாட்டில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், மருத்துவமனையில் இறப்புச் சான்றிதழ், இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, தடையின்மைச் சான்று, உடலைப் பதப்படுத்துதல், விமானத்தில் அனுப்புதல் என்று வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்குபவர் மனைவியோ மகனோ அல்லர், அறைத் தோழர்களே. எங்கள் கூட்டத்தில் ஒருவர் திடீரென இறந்தபோது, அந்த இளைஞரும், அன்று அவரை எதிர்த்து எழுந்தவர்களில் ஒருவரும் ஒரே வாடகைக் காரில் அலைந்தனர். பேச்சு முறிந்திருந்தால் அந்த ஜனாஸா எத்தனை நாள் பிணவறையில் காத்திருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

சங்கம் அமைப்போருக்கு ஒரு சொல். அல்ஹுஜுராத் அத்தியாயத்தைப் பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள், 18 வசனங்களே. கேட்ட செய்தியைத் தீர விசாரிக்க வேண்டுமென்பது 6இல், பிணங்கிய இரு சாராரிடையே நீதியோடு சமாதானம் செய்ய வேண்டுமென்பது 9இல், ஏளனமும் பட்டப்பெயரும் கூடாதென்பது 11இல், துருவி ஆராய்தலும் புறம்பேசுதலும் கூடாதென்பது 12இல். நம் சங்கங்கள் சிலவற்றின் விதிமுறைகளை நான் பார்த்திருக்கிறேன். சந்தாவைப் பற்றி அரைப் பக்கம் இருக்கும். சபையில் பேசும் முறையைப் பற்றி ஒரு வரியும் இராது!

ஊரிலிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. “இன்ன ஊர்க்காரர் இப்படிப் பேசிவிட்டார்” என்று கணவர் தொலைபேசியில் மனம் நொந்து சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள், ஆறுதல் கூறுங்கள். அதை அடுத்த வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு செல்லாதீர்கள். அந்த ஊரிலிருந்து நம் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி, அதே திண்ணையில் உங்களருகிலேயே அமர்ந்திருக்கக்கூடும்.