கைப்பிடிச்சுவர்

2025 ஆகஸ்ட் 22, வெள்ளி

பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறியதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ரம்மி செயலியைத் திறந்தால் பணம் வைத்து ஆடும் மேசைகளைக் காணோம். கணக்கில் உள்ள பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. எடுக்க என்ன இருக்கிறது? 41 ரூபாய்.

நேற்று மாநிலங்களவையிலும் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டு மசோதாவுக்கு இன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார். திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடுவதென்றால் இனி நாடு முழுக்கத் தடை. கர்நாடகம் 2021-லேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான் ஆட ஆரம்பித்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. பதினான்கு மாதத்தில் போனது 3,40,000 ரூபாய். வீட்டில் சொல்லியிருக்கும் கணக்கு 60,000.

ராத்திரி ஜெபத்தில் நன்றி சொன்னேன். நான் சாத்த முடியாத கதவை அரசாங்கமே சாத்திவிட்டது. விடுதலை இவ்வளவு லேசா என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகமும் இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து அண்ணாச்சியோடு டீ. என் விஷயம் முழுதும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். துரவாணிநகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியை விட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது.

சட்டம் வந்த சந்தோஷத்தைச் சொன்னேன். சிரித்தார்.

“தம்பி, 2007 ஜூலை 1-ம் தேதி இந்த மாநிலத்துல சாராயத்தை மூடினாங்க. முந்தின ராத்திரி கடைசி பாக்கெட்டை உறிஞ்சிட்டு, ஆண்டவரே நீரே மூடிட்டீர்னு அழுதேன். மூணாம் நாள் பிராந்திக் கடை வாசல்ல நிக்கேன். அவங்க கடையத்தான மூடினாங்க, என் வாயை மூடலையே.”

பிறகு மத்தேயு 12-ஐப் போய்ப் படிக்கச் சொன்னார். ஒரு மனிதனை விட்டு வெளியேறிய அசுத்த ஆவி, இளைப்பாற இடம் கிடைக்காமல் திரும்பி வருகிறது. வந்து பார்த்தால் வீடு பெருக்கிச் சுத்தமாக, ஆளில்லாமல் கிடக்கிறது. தன்னைவிடப் பொல்லாத ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிவிடுகிறது. ஞாயிறு பள்ளியில் இது பேய்க் கதை. இன்று வாடகை வீட்டுக் கதை மாதிரி இருந்தது. ‘காலி’ என்று பலகை மாட்டிய வீட்டுக்கு இந்த ஊரில் எத்தனை நாளில் ஆள் வரும்?

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி விடுமுறை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. மகள் பக்கத்துத் தெருப் பந்தலில். வீட்டில் நானும் போனும்.

பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்கும் கணக்கு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். சந்தைக்கும் இன்று விடுமுறைதான்; விண்ணப்பிக்க விடுமுறை இல்லை. இது சூது இல்லை, முதலீடு என்று எனக்கு நானே அழகாக விளக்கிக்கொண்டேன்.

பைபிளில் சூதாடாதே என்று நேரடியாக ஒரு கட்டளை கிடையாது. தேடிப் பார்த்தவன் சொல்கிறேன், தேடியதே சாக்குக்காகத்தான். சிலுவையின் அடியில் சேவகர்கள் அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலரும் சீட்டுத்தான் போட்டார்கள். தமிழில் ஏலச்சீட்டும் சீட்டு, ரம்மியும் சீட்டு. வசனத்தை வைத்து எந்தப் பக்கமும் வாதாடலாம். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவனும் சங்கீதத்திலிருந்து எடுத்துத்தானே பேசினான்?

செப்டம்பர் 5, வெள்ளி

ஆப்ஷனில் போனது 22,000.

பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் ஆய்வு போன வருஷமே வெளிவந்திருக்கிறது, இன்றுதான் படித்தேன். 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ரம்மியில் எதிரே ஐந்து பேர் இருப்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

அண்ணாச்சிக்கு போன் செய்தேன். திட்டவில்லை. “வீட்டுல சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

சிவாஜிநகர் ஆரோக்கிய அன்னை திருவிழா. நாங்கள் சி.எஸ்.ஐ.; ஆனால் அவள் அம்மா வழியில் கத்தோலிக்கர். வருஷா வருஷம் தேர் பார்க்கப் போய்விடுவோம். காவிச் சேலைக் கூட்டம், மெழுகுவர்த்தி வாசம், தமிழும் கன்னடமும் கலந்த ஜெபமாலை. திரும்பும்போது கூட்டத்தில் பஸ் ஏற முடியவில்லை, நடந்தோம். மகள் பாட்டி வீட்டில் இருந்தாள். இனி இப்படி ஒரு தனிமை வாய்க்காது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். 3,62,000.

கோல்ஸ் பார்க் வரும்வரை அவள் பேசவில்லை. பார்க் கம்பி வேலி ஓரமாக நின்று கேட்டாள்:

“முன்ன சொன்ன 60,000 இதுல சேர்த்தியா, தனியா?”

“சேர்த்திதான்.”

“சரி, நடங்க.”

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 11, வியாழன்

பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் நலவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போனாள். போன், இணையப் பழக்கங்களில் சிக்கியவர்களுக்கென்று 2014 முதலே நிம்ஹான்ஸ் ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது. நான் போனது பாவத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்ற பயத்தோடு. கேட்டது நேரத்தைப் பற்றி. எப்போது கை போகிறது, அப்போது எங்கே இருக்கிறேன், யார் கூட இருக்கிறார்கள், தூக்கம் எப்படி. காலையில் மெட்ரோவில் போகும் நேரம், ராத்திரி அவள் நைட் டியூட்டி போனபின் இரண்டு மணி நேரம். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு வரைபடம் கிடைத்தது.

சபையில் இத்தனை காலம் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் பொத்தாம்பொதுவாக “சோதனையில் இருக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர்களும் ஜெபித்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் நீதிமொழிகள் 5-ஐ எடுத்துப் பார்த்தால் அதில் ஜெபம் பற்றிப் பேச்சே இல்லை. தன்னைக் கெடுக்கும் வீட்டின் வாசலருகே போகாதே, வழியைத் தூரமாக வைத்துக்கொள் என்கிறது. மனத்துக்கு இல்லை, காலுக்குச் சொன்ன புத்தி. அண்ணாச்சி இன்றும் மார்க்கெட்டுக்கு நேர் வழியில் போவதில்லை. மூலையில் ஒயின்ஸ் இருக்கிறது, சுற்றிக்கொண்டுதான் போவார். பதினாறு வருஷத்துக்குப் பிறகும்.

செப்டம்பர் 13, சனி

வீட்டுக்காரர் மேலே இன்னொரு தளம் எழுப்புகிறார். கான்கிரீட் போட்டாயிற்று, சுற்றுச்சுவர் இன்னும் இல்லை. மகள் துணி காயப்போட மேலே போனாள் என்று கேட்டதும் வயிறு கலங்கி ஓடினேன். விளிம்புக்கு இரண்டடி தள்ளி நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உபாகமம் 22-இல் இப்படி ஒரு சட்டம் வரும். புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். யாராவது விழுந்து செத்தால் பழி வீட்டின்மேல். அதற்கு முன் வசனம் குருவிக் கூட்டைப் பற்றியது, அடுத்தது தோட்டத்தில் இரண்டு வகை விதை கலப்பதைப் பற்றியது. நடுவே ஒரு கொத்தனார் வேலை. யாரும் விழுவதற்கு முன்பே கட்டச் சொல்கிறது. விழ மாட்டேன் என்று நம்புகிறவனையும் கட்டச் சொல்கிறது. முக்கியமாக, விழப்போவது வீட்டுக்காரன்தான் என்று அதில் இல்லை. மாடிக்கு வருகிற எவனோ ஒருவன். அல்லது துணி காயப்போட வருகிற பதினொரு வயதுப் பிள்ளை.

இன்று நானும் மனைவியும் உட்கார்ந்து கட்டியவை: சம்பளம் அவள் கணக்குக்கு. என் போனில் யுபிஐ கிடையாது. வாரம் 800 ரூபாய் கைச்செலவு, தாளாக. ஒன்பது மணிக்குப் போன் சமையலறையில், அரிசி டப்பா மேல். ஆப்ஷன் கணக்கை மூட விண்ணப்பம். அவமானமாகத்தான் இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் முடி வெட்டக் காசு கேட்க வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகளோடு லால்பாக். பாறைமேல் இருக்கும் கோபுரத்தைக் காட்டி, கெம்பே கௌடர் ஊருக்கு எல்லை குறித்த நான்கில் ஒன்று என்று கதை சொன்னேன். சுற்றிப் பார்த்துவிட்டு, “இது நடு ஊர்ல இருக்கே, டாடி” என்றாள். ஊர் வளரும் என்று சமாளித்தேன். வாரம் 800 எவ்வளவு நாளில் 1,500 ஆகும் என்று யோசித்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

ராத்திரி நெகேமியா. எருசலேம் மதிலை அவரவர் தம் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கைக் கட்டினார்கள். வேலை 52 நாளில் முடிந்தது. சீட்டுக்கட்டிலும் 52. சிலிர்த்துப்போய் மனைவியிடம் சொன்னேன். “எண்ணுல அர்த்தம் தேடித்தான் இவ்வளவும் போச்சு. படுங்க” என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

கே.ஆர்.புரத்தில் ஏறிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ரம்மி ஆட ஆரம்பித்தார். காசு வைத்தா, சும்மாவா, தெரியாது. சுத்தமான சீக்வென்ஸ் ஒன்று அவர் கையில். இன்னொன்றுக்கு இஸ்பேட் ஏழு வேண்டும். வந்தது. அவர் கவனிக்காமல் அதைக் கீழே போட்டார். என் வாய் திறந்துவிட்டது, சத்தம் மட்டும் வரவில்லை. உள்ளங்கை வியர்த்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று வசனத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கதவு திறந்தது. ஹூடி. இறங்கி ஓடினேன்.

பிளாட்பாரத்தில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் யோசேப்பு ஞாபகம் வந்தது. போத்திபாரின் மனைவி அங்கியைப் பிடித்ததும் அவன் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. அவள் கையிலேயே அதை விட்டுவிட்டு ஓடினான். அப்போதுதான் என் கையும் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

சாயங்காலம் பையைத் துழாவிவிட்டு அவள் கேட்டாள்: “டிபன் டப்பா எங்க?”

நடந்ததைச் சொன்னேன், இஸ்பேட் ஏழு உட்பட. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

“அது புது டப்பாங்க” என்றாள்.