சுட்டி கன்று ஈன்ற இரவு

ஒரு மாட்டை நம்பிப் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. கன்று ஈனும் நேரத்தில் ஒரு கன்றைப் பறிகொடுத்து, அதன் பிறகு நான் பழகிக்கொண்ட சில விடயங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள ஒரு சிறு கிராமம். 2009 இல் என் கணவரை இழந்தேன். முகாமில் இருந்துவிட்டு 2010 இல் கைக்குழந்தையாக இருந்த மகளோடு ஊர் திரும்பியபோது, வளவில் கிணறும் இரண்டு தென்னையும்தான் மிஞ்சியிருந்தன. இடம்பெயரும்போது கட்டை அவிழ்த்துவிட்டுப் போன எங்கள் மாடுகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

2012 இல் வாழ்வாதார உதவியாக எனக்கு ஒரு நாகு கிடைத்தது. ஜேர்சிக் கலப்பு. சிவப்பு நிறம் என்பதால் சிவப்பி என்று பெயர் வைத்தோம். சிவப்பி சினைப்பட்டபோது, வரப்போகும் பாலை நான் மனதுக்குள் பங்கு போட்டு வைத்திருந்தேன். மகளுக்கு இவ்வளவு, சேகரிக்கும் நிலையத்துக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று.

2014 தை மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் சிவப்பி தீனி எடுக்கவில்லை. எழும்புவதும் படுப்பதுமாக இருந்தது. 'நாளைக்குப் போடும் போல' என்று நினைத்துக்கொண்டு இருட்ட முன்பே கதவைப் பூட்டினேன். ஆண் துணை இல்லாத வீடு. அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் மின்விளக்கும் இல்லை. ஆறரை மணிக்குப் பிறகு முற்றத்தில் இறங்க எனக்குத் துணிவில்லை. இரவில் இரண்டு முறை சிவப்பி கத்தியது கேட்டது. எழுந்து கதவடிவரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். பிறகு திரும்பி வந்து மகளை அணைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடியப் போய்ப் பார்த்தபோது கன்று கிடந்தது. நல்ல வளர்ந்த பசுக்கன்று. உடம்பில் ஒரு குறையும் இல்லை. மூக்கையும் வாயையும் மூடி மெல்லிய சவ்வு ஒட்டியிருந்தது. கன்று பிறந்தபோது அந்தச் சவ்வு கிழியவில்லை. முதல் ஈற்றுக்காரியான சிவப்பி களைத்துப்போய்ப் படுத்திருந்ததால் நேரத்துக்கு நக்கவும் இல்லை. கன்று மூச்செடுக்க முடியாமல் செத்துப்போனது. ஒரு கை நீண்டு அதைத் துடைத்திருந்தால் போதும்.

அன்றைக்கு எனக்கு என்னுடைய பிரசவம்தான் நினைவுக்கு வந்தது. மகள் பிறந்தது 2008 இன் கடைசியில், இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில். வெளியில் மழை. நோவு தொடங்கியதிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மா லாம்பைப் பிடித்துக்கொண்டு இரவிரவாக என் பக்கத்தில் இருந்தார். "நான் முழிச்சிருக்கிறன் பிள்ளை, நீ பயப்பிடாதை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அப்படி ஒருவர் விழித்திருந்ததால் நானும் பிள்ளையும் தப்பினோம். வாயில்லாத சீவனுக்கு நான் அதைச் செய்யவில்லை என்ற நினைப்பு நெடுநாள் என்னை உறுத்தியது.

கண்ணால் படித்த பாடம்

பக்கத்து வளவு ஆச்சி சிறுவயதிலிருந்தே பட்டி மாட்டோடு வளர்ந்தவர். அவர்தான் எனக்கு முதல் ஆசிரியர். "மடியை மட்டும் பாத்து ஏமாறாதை பிள்ளை. மடி பத்துப் பதினைஞ்சு நாளைக்கு முன்னமே இறங்கும். வாலடியைப் பார்" என்றார். வாலின் இரு புறமும் விரலால் அமத்திப் பார்க்கச் சொல்லித் தந்தார். சாதாரண நாளில் அந்த இடம் இறுகிய கயிறு போல இருக்கும். ஈனுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்பு தளர்ந்து குழி விழும். முலைக்காம்புகள் பால் கட்டி மினுங்கும். கருவழி வீங்கித் தளரும், கண்ணாடி போன்ற சளி நூலாக வடியும். கடைசி மணித்தியாலங்களில் மாடு தனியே ஒதுங்கும், வாலைத் தூக்கித் தூக்கி வைக்கும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும்.

இரண்டாவது ஆசிரியர் எங்கள் பகுதி மிருக வைத்தியர். அவர் கொப்பி ஒன்று வைக்கச் சொன்னார். சினைப்படுத்திய நாளைக் குறித்து, அதிலிருந்து 283 நாட்களை எண்ண வேண்டும். ஒரு கிழமை முன்பின்னாக அந்த நாளிலேதான் மாடு ஈனும். நாள் தெரிந்தால் விழித்திருக்க வேண்டிய இரவுகள் பத்துப் பன்னிரண்டாகக் குறைந்துவிடும்.

வெப்பமானி வைக்கப் பழக்கியதும் அவரே. கடைசி நாட்களில் மாட்டின் உடல் வெப்பம் 39 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். ஈனுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பு அது அரைப் பாகையோ சற்றுக் கூடவோ இறங்கும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். வெப்பமானியில் நூல் கட்டி, அந்த நூலை வால் மயிரோடு முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். இறங்கினால் ஆயத்தமாக வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது, மற்ற அறிகுறிகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

இந்தப் பாடங்களோடு சிவப்பி பிறகு ஈன்ற கன்றுகள் எல்லாம் நல்லபடி பிறந்தன. அவற்றுள் ஒன்றுதான் நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி.

கொட்டிலுக்குப் போன கைத்தொலைபேசி

2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது, மகளின் படிப்புக்காகச் சீட்டுக் காசை எடுத்து ஒரு பழைய தொடுதிரைத் தொலைபேசி வாங்கினேன். பிறகு என் தம்பி ஒன்று தந்ததால் வீட்டில் இரண்டாகிவிட்டது. சுட்டி முதன்முறை சினையாக இருந்தபோது மகள்தான் கேட்டாள்.

"அம்மா, இந்தப் பழைய போனைக் கொட்டிலுக்குள்ள கட்டிவிட்டா என்ன? மற்றதில உள்ளுக்க இருந்து பாக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் செய்து காட்டினாள். ஒரு தொலைபேசியைக் கமராவாக மாற்றும் செயலியைப் போட்டாள். மற்றத் தொலைபேசியிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்து இரண்டையும் இணைத்தாள். எங்கள் கொட்டில் வீட்டிலிருந்து முப்பது அடிதான். அதனால் டேட்டாக் காசு செலவாகவில்லை. தொலைபேசியைப் பொலித்தீனில் சுற்றி, மாட்டின் நாக்கு எட்டாத உயரத்தில் கப்பில் கட்டினோம். கொட்டிலில் ஒரு சிறிய மின்குமிழ் எரியவிட்டோம்.

முதல் இரவே இதன் அருமை விளங்கியது. முன்பெல்லாம் நான் ரோச் லைற்றோடு போனால் மாடு படுத்த இடத்தில் இருந்து எழுந்துவிடும். ஆள் நடமாட்டம் கூடினால் மாடு ஈனுவதைப் பிற்போடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இப்போது அதைக் குழப்பாமல், நானும் பயமில்லாமல், பாயில் இருந்தபடியே பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன்பு தாழ்ப்பாளில் கை வைத்து நின்றேனே, அந்தக் கதவைத் திறக்காமலே என் கண் வெளியே போய்வந்தது.

அயர்லாந்தில் மாட்டின் வாலில் கட்டும் ஒரு கருவியைச் செய்திருக்கிறார்கள். 'மூகோல்' என்று பெயர். வால் அசையும் விதத்தைக் கணக்கிட்டு, ஈனும் நேரம் நெருங்கியதும் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். மகள் இதைக் காணொளியில் காட்டியபோது பக்கத்தில் ஆச்சியும் இருந்தார். "நான் சொன்ன வாலைத்தானே அவங்களும் பாக்கிறாங்கள்" என்றார்.

படம் கறுத்த நேரம்

சுட்டியைச் சினைப்படுத்தியது 2021 ஆனி 20 ஆம் திகதி. 283 நாள் எண்ணினால் 2022 பங்குனி 30. அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை. பங்குனி 31 ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு.

30 ஆம் திகதி பின்னேரம் வெப்பமானி 38.3 காட்டியது. அதற்கு முந்தின நாள் 39. வாலடி குழி விழுந்திருந்தது. 31 ஆம் திகதி பகல் முழுவதும் சுட்டி அமைதியில்லாமல் நின்றது. இரவு எட்டரைக்கு நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. கொட்டில் குமிழ் அணைந்தது. படம் கறுத்தது.

ஆனால் தொலைபேசியில் மின் இருந்தது. படம் இல்லாவிட்டாலும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நானும் மகளும் இருட்டில் அதைக் காதில் வைத்துக் கேட்டோம். வைக்கோல் சரசரத்தது. குளம்புச் சத்தம், பிறகு பொத்தென்று படுக்கும் சத்தம். மீண்டும் எழும்பியது. மூச்சு நீண்டு, ஒரு முனகல். சிறிது நேரத்தில் முனகல்கள் நெருங்கி வந்தன. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன்.

"பனிக்குடம் உடைஞ்சிட்டுது. லாம்பைக் கொளுத்து பிள்ளை."

பயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவைத் திறந்தேன்.

கொட்டிலில் இரண்டு குளம்புகள் தெரிந்தன. அடிப்பக்கம் கீழே பார்த்தபடி இருந்தன. வைத்தியருக்கு அழைத்தேன். வண்டிக்கு எண்ணெய் இல்லை, வர வழியில்லை என்றார். மகள் லாம்பு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினாள்.

"முன்னங்கால்தான் அம்மா. மூக்கும் தெரியுது. சரியாத்தான் வருது. இழுக்க வேண்டாம். முதல் ஈத்து, கொஞ்சம் சுணங்கும். அரை மணித்தியாலத்தில முன்னேற்றம் இல்லையெண்டா உடன எடுங்கோ" என்றார்.

நாங்கள் கொட்டிலுக்கு வெளியே சற்றுத் தள்ளி இருந்தோம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. இருபது நிமிடத்தில் தலை வந்தது. பிறகு ஒரே முக்கலில் முழுக் கன்றும் வைக்கோலில் விழுந்தது. லாம்பை உயர்த்திப் பார்த்தேன். மூக்கை மூடி அதே சவ்வு. சிவப்பியின் கன்றுக்கு இருந்தது போலவே.

இம்முறை என் கை அங்கே இருந்தது. சவ்வைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, வைக்கோல் துரும்பால் மூக்குக்குள் கிச்சுகிச்சு மூட்டினேன். கன்று தும்மியது. தலையை ஆட்டியது. சுட்டி எழுந்து திரும்பி நக்கத் தொடங்கியது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

நாம்பன் கன்றுதான். பாலுக்கு உதவாது என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அது மூச்சுவிட்டதே போதும். ஒரு மணித்தியாலத்தில் தட்டுத்தடுமாறி எழுந்து கடும்புப் பால் குடித்தது. விடிவதற்குள் இளங்கொடியும் விழுந்துவிட்டது. காலையில் ஆச்சி உமலோடு வந்தார். வழக்கப்படி அதைக் கட்டிக் கொண்டுபோய் ஆலமரத்தில் தொங்கவிட்டோம்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

சினைப்படுத்திய நாளைத் தவறாமல் எழுதி வையுங்கள். வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கடைசிப் பத்து நாளும் காலை மாலை வாலடியையும் மடியையும் பாருங்கள். பனிக்குடம் தெரிந்து ஒரு மணித்தியாலமாகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, குளம்பின் அடிப்பக்கம் மேல்நோக்கி இருந்தாலோ, ஒரு கால் மட்டும் தெரிந்தாலோ, நீங்களாக இழுக்காமல் உடனே வைத்தியரை அழையுங்கள்.

கன்று பிறந்ததும் மூக்கைத் துடையுங்கள். தொப்புளுக்கு அயடீன் பூசுங்கள். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பால் வயிறாரக் குடிக்கச் செய்யுங்கள். கன்றின் நோய் எதிர்ப்புச் சக்தி அந்தப் பாலில்தான் இருக்கிறது. இளங்கொடி 12 மணித்தியாலத்துக்குள் விழாவிட்டால் கையால் இழுக்காதீர்கள், வைத்தியரிடம் சொல்லுங்கள். ஈன்ற மாடு எழும்ப மாட்டாமல், காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தால் அது பால் காய்ச்சலாக இருக்கலாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது, உயிருக்கு ஆபத்து. விடியும் வரை பொறுக்க வேண்டாம்.

வீட்டில் பழைய தொலைபேசி இருந்தால் கொட்டிலில் கட்டிப் பாருங்கள். பிள்ளைகளைக் கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தொலைபேசி சொல்லித் தராது. அதை ஆச்சியிடமும் வைத்தியரிடமும், மாட்டிடமும்தான் படிக்க வேண்டும். அன்றிரவு படம் கறுத்தபோது எனக்கு உதவியது, அந்தச் சத்தங்களுக்குப் பொருள் தெரிந்திருந்ததுதான்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் யாருடைய மாடாவது ஈனும் நாள் நெருங்கினால் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். தனியே இருக்கும் பெண்கள் என்றால் நானும் மகளும் போய் இரவு தங்குகிறோம். லாம்பும், கொப்பியும், அந்தப் பழைய தொலைபேசியும் எங்களோடு வரும். கொட்டிலைப் பார்த்துப் பதறிக்கொண்டிருக்கும் சகோதரியிடம் நான் முதலில் சொல்வது, தறப்பாள் கொட்டிலில் அந்த அம்மா எனக்குச் சொன்னதைத்தான்: "நான் முழிச்சிருக்கிறன், நீ பயப்பிடாதை."