200 யென் முத்திரை

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் விடுமுறை நாட்களில் வாகனங்கள் வரிசையாகச் செல்கின்றன. குளிரையும் பனிமூட்டத்தையும் பிட்டவல பத்தனையின் புல்வெளியையும் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள். பாதைக்குக் கீழே லயன் வீடுகள் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எனது வேலை அந்த வீடுகளில்தான்.

அங்கே ஓர் அக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவருடைய தம்பி 2022இல் மாணவர் விசாவில் யப்பானுக்குப் போனார். மொழி படித்துக்கொண்டே பகுதிநேரமாக வேலையும் செய்தார். மறுவருடம் அங்கே ஒரு வீதி விபத்தில் இறந்துபோனார். அவருடைய பெட்டி வீடு வந்து சேர்ந்தது. அதில் உடுப்புகள், ஒரு கைத்தொலைபேசி, ஒரு கோப்பு. கோப்புக்குள் ஒரு தாள். தாளில் 480,000 என்ற தொகை, அதன் அருகில் ஒரு முத்திரை, முத்திரையின் மேல் பாதியும் தாளில் பாதியுமாகச் சிவப்பு மையில் ஓர் அடையாளம்.

தம்பியை அனுப்பிவைத்த தரகர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அது கடன் பத்திரம் என்றார். படித்த இடத்தில் தம்பி கடன் வாங்கியிருக்கிறாராம். யப்பான் அரசாங்கத்தின் முத்திரையே ஒட்டியிருப்பதால் தப்ப முடியாதாம். தன் மூலம் மாதம் 10,000 ரூபா கட்டினால் வழக்கு வராமல் பார்த்துக்கொள்வாராம். நாட்கூலி 1,000 ரூபாவாக இருந்த காலம் அது. ஐந்து மாதம் கட்டியாயிற்று. தோடு அடகுக் கடையில் இருந்தது.

இறந்தவரின் கடனுக்கு, பிணைக் கையெழுத்துப் போடாத சகோதரி தன் கூலியிலிருந்து பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதை முதலில் எடுத்துச் சொன்னேன். அக்காவின் பதில் வேறு. “கட்டாம விட்டா, தம்பி கடன்காரனா செத்தான்னு ஊர்ல சொல்லுவாங்க மிஸ்” என்றார். ஆகவே சட்டத்தைச் சொல்லி மட்டும் அவருக்கு ஆறுதல் தர முடியாது. அந்தத் தாள் என்ன என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

முத்திரையிலிருந்தே தொடங்கினேன். யப்பானின் அஞ்சல் முத்திரைகளில் 1966 முதல் ‘நிப்பொன்’ என்ற நாட்டுப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். இதில் அது இல்லை. நம்மால் படிக்கக்கூடியது 200 என்ற எண் மட்டுமே. ஆகவே இது கடிதத்துக்கு ஒட்டுவதல்ல, வரிக்கு ஒட்டுவது. பிரித்தானியர் காலத்து இலங்கை முத்திரைகள் பலவற்றில் அஞ்சல், இறைவரி என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தே அச்சாகியிருந்தன. ஒரே முத்திரை இரண்டுக்கும் உதவியது. யப்பானில் இறைவரி முத்திரை தனி. 1873 முதல் அங்கே அது உண்டு.

மிகுதியைப் படித்துச் சொன்னவர் ஒரு சிங்கள ஆசிரியை. நமது நாட்டில் உயர்தரத்துக்கு யப்பான் மொழியும் ஒரு பாடம். அதைக் கற்பிப்பவர் அவர். முத்திரையில் உள்ள நான்கு எழுத்துகள் ‘ஷூன்யூ இன்ஷி’, அதாவது இறைவரி முத்திரை. தாளின் தலைப்பில் உள்ள மூன்று எழுத்துகள் ‘ர்யோஷூஷோ’, அதாவது பற்றுச்சீட்டு. முத்திரையின் முதல் எழுத்தும் தலைப்பின் நடு எழுத்தும் ஒன்றே என்று காட்டினார். உள்ளே வருவதை, பெற்றுக்கொள்வதைக் குறிக்கும் எழுத்தாம் அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, மொழி தெரியாத எனக்கும் இரண்டும் ஒன்றென்று தெரிந்தது.

ஆனால் தரகர் சும்மா விடுகிறவர் அல்லர். தலைப்பை யாரோ தவறாகப் படித்துவிட்டார்கள் என்பார். இங்கேதான் அந்த 200 உதவியது. யப்பானில் எந்தப் பத்திரத்துக்கு எவ்வளவு முத்திரை என்பதை அரசாங்கம் அட்டவணையாக வைத்திருக்கிறது. வியாபார நிலையம் கொடுக்கும் பற்றுச்சீட்டில் தொகை 50,000 யென்னுக்குக் குறைந்தால் முத்திரை வேண்டியதில்லை. 2014 ஏப்ரலுக்கு முன்னர் அந்த எல்லை 30,000 ஆக இருந்தது. 50,000 முதல் 10 இலட்சம் யென் வரை 200 யென் முத்திரை. கடன் பத்திரத்துக்கு வேறு கணக்கு. 1 இலட்சத்துக்கு மேல் 5 இலட்சம் வரையான கடனுக்கு 400 யென் முத்திரை ஒட்டவேண்டும். நம் கையில் இருக்கும் தொகை 480,000. கடனாக இருந்திருந்தால் 400 இருந்திருக்கும். ஒட்டியிருப்பதோ 200.

பாதி முத்திரையிலும் பாதி தாளிலும் விழுந்த சிவப்பு அடையாளம் தரகர் சொன்னதுபோல் அரசாங்கத்தினுடையது அல்ல. சீட்டைக் கொடுத்தவர் தன் சொந்த இலச்சினையைக் குத்தியிருக்கிறார். ஒருமுறை ஒட்டிய முத்திரையைக் கழற்றி மறுபடி பயன்படுத்தாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இங்கே 25,000 ரூபாவுக்கு மேல் பணம் பெறும்போது 25 ரூபா முத்திரையின் குறுக்கே கையெழுத்து வைக்கிறோமே, அதே காரியம்தான். சம்பளச் சீட்டில் அப்படிக் கையெழுத்து வைத்த பெண்களுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பணத்தைப் பெற்றவர்தான் முத்திரையில் கையெழுத்து வைப்பார், கொடுத்தவர் அல்ல.

இன்னொரு சிறு விடயம், என் மனதில் அதிகமாக நின்றது இதுதான். தாளின் மேற்பகுதியில் தம்பியின் பெயர் இருந்தது. அதை அடுத்து ‘ஸாமா’ என்ற மரியாதைச் சொல். நாம் ‘திரு’ என்று முன்னால் போடுவதை அவர்கள் பின்னால் போடுகிறார்கள். கடன் பத்திரம் எழுதிக் கொடுப்பவர் தனக்குத் தானே ‘திரு’ போட்டுக்கொள்ள மாட்டார். தொகைக்குக் கீழே இருந்த சிறிய வரி, கல்விக் கட்டணமாக என்று சொன்னது. அதாவது அந்த 480,000 யென்னையும் தம்பி கட்டி முடித்திருந்தார்.

இதைச் சொன்னபோது அக்கா அழவில்லை. “கட்டிட்டானா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தன் மூத்த பிள்ளையைக் கூப்பிட்டு அந்த 200ஐக் காட்டினார்.

தாளை இரண்டு பக்கமும் பிரதி எடுத்தோம். ஐந்து மாதப் பணத்துக்குத் தரகர் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கொடுத்திருக்கவில்லை. கொடுத்த திகதிகளை அக்கா நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார், அதுவே போதுமானதாக அமைந்தது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதும்போது அந்த நாட்காட்டித் தாள்களையும் சேர்த்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து பத்திரத்தை மறுபடி காட்டச் சொன்னாராம். அக்கா பிரதியைத்தான் கொடுத்திருக்கிறார். ஆறாவது மாதப் பணத்துக்கு முதலில் முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டு ஒன்று எழுதித் தரும்படியும் கேட்டிருக்கிறார்.