அணியத்தில் எழுதிய கதை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் படகு வேலையைப் பார்க்க இதுதான் சமயம். விசைப்படகுகள் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்க, தச்சருக்கும் மெக்கானிக்குக்கும் கை ஓயாத வேலை. நான் பார்க்கப் போனது பெயின்டர்களை. பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, பிரைமர் அடித்து, எனாமல் ஏற்றுவதுவரை பழகிய கூலியாள் எவரும் செய்துவிடுவார். படகின் முன்பகுதியான அணியத்தில் பெயரும் உருவமும் எழுதத்தான் கை தேர்ந்தவர் வேண்டும். அங்கே பலகை வளைந்து உள்வாங்குவதால், முனையை நெருங்கும் எழுத்தைச் சற்று அகட்டிப் போட்டால்தான் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது எல்லா எழுத்தும் ஒரே அளவாகத் தெரியும். சாக்பீஸ் கோட்டை அழித்து அழித்துப் போடுவது இதற்காகத்தான்.

அணியத்தில் வருபவை வேளாங்கண்ணி மாதா, முருகன், பிறை, பெற்றவள் பெயர். ராசிக்காக எழுதுவதில் கதை எங்கே வந்தது என்று கேட்கலாம். கதை என்றால் காட்சிகள் வரிசையாக வர வேண்டும் என்று நினைப்பதால் எழும் கேள்வி இது. கோயிலில் விளக்கெரிக்க வழியற்றுத் தன் கழுத்தையே அரியத் துணிந்த கலிய நாயனார், இங்கிருந்து வடக்கே இருக்கும் திருவொற்றியூரின் எண்ணெய் வாணிகர். அவரைப் போன்ற நாயன்மாரின் வரலாறுகளை 12ஆம் நூற்றாண்டில் தாராசுரம் கோயிலில் செதுக்கிய சிற்பிகள் சின்னஞ்சிறு பலகங்களையே எடுத்துக்கொண்டார்கள். முக்கியமான ஒரு கட்டத்தைக் காட்டி, பெயரையும் பொறித்து, மிச்சத்தைப் பார்ப்பவரிடம் விட்டார்கள். படகிலும் இதே முறைதான். நகையை அடகு வைத்து முதல் போட்ட தாயின் பெயர் மாதா படத்தருகே வந்தால் குப்பத்தாருக்கு விளக்கவுரை வேண்டாம். வெளியாளுக்குப் புரியாதது குப்பத்தின் குறையாகாது.

மும்பையில் 2008இல் தாக்குதல் நடத்தியவர்கள் மீன்பிடிப் படகில் வந்ததற்குப் பிறகு, கடலோரப் பாதுகாப்புக்காகப் படகுகளுக்கு மாநிலத்துக்கொரு வண்ணம் என்ற விதி வந்தது. பதிவெண்ணும் பளிச்சென்று தெரிய வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்த எண்ணைப் படித்தால் உடைமையாளர் யார் என்று அலுவலகத்துக்குத் தெரியும். அந்தப் படகு ஒரு வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை அணியத்தில்தான் படிக்க முடியும். நவீன வாழ்க்கையில் இந்த ஓவியத்துக்கு என்ன வேலை என்பதற்கு இதைவிடப் பெரிய பதிலை நான் தேடவில்லை.

ஸ்டிக்கர் இருக்கும்போது பெயின்டர் எதற்கு என்பது இன்னும் கடினமான கேள்வி. ஸ்டிக்கர் வேகமானது, அதை ஒட்டுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் இருக்கும் மாதாவையே எல்லாரும் எடுக்கிறார்கள், ஆட்டோவிலும் அவளேதான். பெயின்டரிடம் என்றால் படகுக்காரர் பக்கத்தில் நின்று, அலையைத் தூக்கிப் போடு, அம்மா பெயரைப் பெரிசாக்கு என்று பேரம் பேசலாம். கதை அமைவது அந்தப் பேச்சில். அதற்குக் கூலியும் கட்டுபடியாக வேண்டும். படகுக்காரருக்குக் கடலிலிருந்து வரவு இல்லாத இரண்டு மாதத்தில்தான் பெயின்டருக்கு வேலை குவிகிறது. ஸ்டிக்கரைவிட இந்தக் கணக்குதான் இத்தொழிலுக்குப் பெரிய இடைஞ்சல் என்று எனக்குப் படுகிறது.