சூலை வரைந்தது யார்?

தரம் 11இல் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது ரீச்சர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதை நீங்களே வீட்டில வாசியுங்கோ பிள்ளையள்" என்றா. வாசித்தோம். படத்துக்குப் பெயர் குறிக்கிற அளவுக்குப் பாடமாக்கினோம். பிறகு கலைப்பிரிவு, கலைப்பீடம். அந்தப் பாடத்தோடு எங்கட உறவு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

போன மாதம் விலங்கியல் படிக்கிற சினேகிதி ஒருத்தி எங்களைத் தங்கட ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நுணுக்குக்காட்டிக்குக் கீழே எலியொன்றின் சூலக வெட்டுமுகம். இளஞ்சிவப்புப் பரப்பில் ஊதா வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டங்கள்.

"பெயின்டிங் மாதிரி இருக்கடி!"

அவள் சிரித்தாள். "அது சாயம். போடாட்டி ஒண்டும் வடிவாத் தெரியாது." ஊதா நிறம் ஹேமடொக்சிலின், மெக்சிக்கோப் பக்கத்து மரமொன்றிலிருந்து வருவது, ஒருகாலத்தில் துணிக்குப் போட்ட சாயம். சிவப்பு இயோசின்.

அதற்குப் பிறகு தேடி வாசித்தோம். 1677இல் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லீவன்ஹூக், விந்தணுக்களைத் தன் வில்லையினூடாகக் கண்டு லண்டன் ரோயல் சொசைட்டிக்கு எழுதினார். அவருக்கு வரைய வராது. ஓவியர்களை வைத்தே வரைவித்தார். 1694இல் ஹார்ட்சூக்கர், விந்தணுவின் தலைக்குள் குந்தியிருக்கும் குட்டி மனிதனொன்றை வரைந்தார். அதைக் கண்டதாக அவர் சொல்லவில்லை, இருக்கக்கூடும் என்றுதான் சொன்னார். ஆனால் சனத்தின் மனதில் நின்றது படம். முழு மனிதனும் ஆணிடம் இருக்கிறான் என்றால் பெண் வெறும் நிலம்தானே? பாலூட்டிகளின் சூலை ஃபொன் பேயர் கண்டது 1827இல்தான்.

1991இல் எமிலி மார்ட்டின் ஒரு கட்டுரை எழுதினார். மானிடவியலாளர், எங்கட பக்கத்து ஆள். பாடப்புத்தகங்களில் விந்தணு வீரன், சூல் சும்மா காத்திருக்கும் பெண் என்று அவர் காட்டினார். உண்மையில் விந்தணு தனியே நீந்தி வெல்வதில்லை. பெண்ணுடலின் தசைகளும் அதை நகர்த்துகின்றன. சூலின் மேற்பரப்பு அதைப் பிடித்து வைக்கிறது.

இதை வாசித்தபோது எங்களில் ஒருத்தியின் அக்கா ஞாபகத்துக்கு வந்தா. கலியாணமாகி நாலு வருசம், பிள்ளை இல்லை. விரதம் பிடித்தது அக்கா. ஸ்கான் எடுத்தது அக்கா. ஊசி போட்டதும் அக்கா. அத்தானையும் ஒரு ரெஸ்ட் எடுக்கச் சொல்லி டொக்டர் சொன்னதுக்கு மாமி கோவிச்சுக்கொண்டா. அந்த ரெஸ்ட் இன்னும் எடுக்கப்படவில்லை. 1694இல் வரைந்த படம் எங்கட வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிற மாதிரித்தான் இருக்கிறது.

சினேகிதியின் செய்முறைக் கொப்பியில் ஒரு விதி உண்டாம்: தெரிந்ததை வரையாதே, கண்டதை வரை.

போனில் எடுத்த ஊதா வட்டங்களை அக்காவுக்கு அனுப்பினோம். "வடிவா இருக்கு" என்று பதில் போட்டா. அத்தானுக்கும் காட்டச் சொன்னோம்.