மூலமும் பிரதியும்

முக்கியமான பேரேட்டுக்குப் பிரதியொன்று பேணுதல் பழைய வழக்கம். இன்றைய கணினித் தரவுத்தளங்களும் அதனையே செய்கின்றன. மூலத்தளத்தில் நிகழும் மாற்றங்கள் யாவும் ஒரு குறிப்பேட்டிற் பதிவாகும். பிரதித்தளம் அக்குறிப்பேட்டைப் பெற்றுத் தன்னகத்தும் அவ்வாறே எழுதிக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் என்னுந் தரவுத்தளத்தோடு பல்லாண்டு பழகியவன் என்ற முறையில், மலர்க்குழுவினரின் அன்புக் கட்டளைக்கிணங்க, அதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

யான் பணியாற்றிய நிறுவனமொன்றில் ஒருநாட் காலை பெருங் குழப்பம். மூலத்திற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நிரைகள். பிரதியிலோ எண்பதினாயிரம் குறைவு. முந்திய இரவு கடமையிலிருந்தவர் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர். அவரே அழித்துவிட்டாரென மேலதிகாரிகள் துணிந்தனர். பணிநீக்கக் கடிதமும் ஆயத்தமாயிற்று.

இத்தொகைகளை எங்கிருந்து பெற்றீர்கள் என்று வினவினேன். அட்டவணைகளின் விவரங்கூறும் தகவற் பட்டியலிலிருந்து என்றனர். இன்னோடீபி வகை அட்டவணைகளுக்கு அப்பட்டியல் தரும் நிரைத்தொகை எண்ணிப் பெற்றதன்று. சில பக்கங்களை மாத்திரம் நோக்கியிட்ட மதிப்பீடு. உண்மையினின்றும் அது நூற்றுக்கு 40 முதல் 50 வரை வேறுபடலாமென மைஎஸ்கியூஎல் கையேடே கூறுகின்றது. கடிதம் எழுதுமுன் கையேட்டைப் புரட்டியிருக்கலாம்!

இரு தளங்களிலும் நிரைகளை முழுமையாக எண்ணுவித்தோம். எண்பதினாயிரம் மறைந்தது, நானூறளவில் எஞ்சிற்று. அதுவும் அழிவன்று, தாமதமே. இரவில் அட்டவணை முழுவதையும் திருத்திய பெருவேலையொன்று நடந்திருந்தது. ஒவ்வொரு நிரையையுந் தனித்து இனங்காட்டும் முதன்மைச் சாவி அவ்வட்டவணைக்கு இல்லை. ஆகவே மூலம் ஒருமுறை கடந்துசென்ற வேலைக்குப் பிரதி அட்டவணையை மீண்டும் மீண்டும் துழாவ வேண்டியதாயிற்று. பின்னர் வந்த புது நிரைகள் அதன் பின்னால் வரிசையிற் காத்துநின்றன. பிற்பகலில் வேலை முடிந்ததும் இரு தொகைகளும் ஒத்தன.

தாமதத்தை அறியப் பிரதி காட்டும் வினாடிக் கணக்கையும் முற்றாக நம்புதல் தகாது. வலையமைப்பு மந்தமாயின் குறிப்பேடே பிந்தி வரும். வந்த மட்டும் எழுதி முடித்த பிரதி, தாமதம் 0 என்று கூறும். மூலத்தில் வினாடிதோறும் நேரத்தை ஓர் அட்டவணையில் எழுதுவித்து, அதனைப் பிரதியிற் பார்த்தலே நம்பத்தக்க வழி.

தொகை ஒத்தமையால் உள்ளடக்கமும் ஒத்ததாகாது. ஆதலின் நிரைகளைப் பகுதி பகுதியாகச் சரிபார்ப்புத் தொகையிட்டு இருதளத்தையும் ஒப்பிட்டோம். அவ்வேலையை யான் ஒப்படைத்தது அவ்விளைஞரிடமே. அட்டவணைக்கு முதன்மைச் சாவி சேர்த்தவரும் அவரே.